பொருள் இல்லாமல்

பஹ்ரைனில் சித்ரா என்று ஓர் ஊர்.
எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு
சித்ராவில் என்றேன்.
வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை.

அந்த ஊர் கேம்ப்பில், ஏழாம் அறையில்,
மேல்கட்டிலில் குப்புறக் கிடந்து
எனக்கொரு மெயில் முகவரி போட்டேன்.

வெயிலுமுத்து என்று கொடுத்தால்
அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறாராம்.
இப்படிப் பெயர் வைக்க
இன்னோர் அப்பனுக்கும் மனசு வந்திருக்கிறது.
பின்னால் ஹெல்மெட் நம்பரைச் சேர்த்தேன்: 416.
ஏற்றுக்கொண்டது.

நடுவில் ஓர் ஆங்கில ஏ,
வாலால் தன்னையே சுற்றிப் படுத்திருக்கிறது
கேட் நாய் போல.
"அதுக்கு இந்தப் பக்கம் நீ,
அந்தப் பக்கம் நீ தங்குற கட்டடம்"
என்றான் கீழ்க்கட்டில் மிக்கேல் ராயன்.
எங்கேயும் இடம் விடக் கூடாதாம்.
பன்னிரண்டு பேர் அறையில்
அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடவுச்சொல்
யாருக்கும் தெரியக் கூடாது, எனக்கு மறக்கக் கூடாது.
கொடுக்க வேண்டிய கடனை
வட்டியோடு கூட்டி வைத்தேன்.
மாதாமாதம் மாற்றச் சொல்கிறார்கள்.
அதுவாகவே மாறுகிறது.

நாலு மாதச் சம்பளத்தை
வாயால் கேட்டால் மெயில் போடு என்கிறது ஆபீஸ்.
போட்டேன்.
அனுப்பும் நேரத்தில் போன் கேட்டது:
பொருள் இல்லாமல் அனுப்பவா?

பொருள் இல்லாததால்தானே அனுப்புகிறேன்.

இரண்டாவதில் ஒரு புள்ளி விட்டுப்போனது.
போன வேகத்தில் திரும்பி வந்தது,
அப்படி ஒருவர் அங்கே இல்லை என்ற சீட்டோடு.
கோபம் வரவில்லை.
இந்த நாலு மாதத்தில்
கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

மூன்றாவதில் சம்பளச் சீட்டை இணைத்துள்ளேன் என்று எழுதி
இணைக்காமல் அனுப்பினேன்.
நாலாவதில் இணைத்தேன்,
வெள்ளிக்கிழமை பிரியாணிச் சட்டியை.

ஐந்தாவது கடிதம் பன்னிரண்டு பேருக்குமானது.
பெறுநர் கட்டத்தில் ஆபீஸ்.
நகல் கட்டத்தில் தொழிலாளர் அலுவலகம்.
அதற்கும் கீழே ஒரு கட்டம், மறைநகல்.
அதில் போட்ட பெயர் வெளியே தெரியாது.
பதினொரு பேரையும் அதற்குள் படுக்க வைத்தேன்,
போர்வையை இழுத்து மூடி.
மாட்டினால் 416 மட்டும் மாட்டட்டும்.
பொருள்: நாலு மாதச் சம்பளம்.
தட்டினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
மூலைக்கட்டில் மைதீன் பிச்சை
சந்தோஷத்தில் பதில் போட்டான்: சூப்பர் அண்ணே.
"யாருக்குடா போட்டே?"
"எல்லாருக்கும்னு ஒண்ணு இருந்துச்சு."

ஆபீசுக்குப் போய்விட்டது அவன் பெயர்,
பல் தெரியச் சிரிக்கும் படத்தோடு.
அனுப்பியதைத் திரும்ப எடுக்கச்
சில விநாடிதான் தருவார்கள்.
அது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் ஆறிப்போனது.

அறையில் ஏசி மட்டும் பேசியது.

அப்புறம் மிக்கேல் எழுந்து உட்கார்ந்தான்.
அனைவருக்கும் பதில்: நானும்.
எதிர்க்கட்டில் கோட்டைச்சாமி: நானும்.
நானும். நானும்.
எழுதத் தெரியாத சுடலைக்கண்ணு
கட்டைவிரல் படம் ஒன்று போட்டார்.
கைநாட்டு.

என் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
மைதீனோடு சேர்த்துப் பதினொன்று எண்ணினேன்.
பன்னிரண்டாவதும் அடித்தது.
ஆபீசிலிருந்து.

ஒரே திரையில் எல்லாத் தலையும் முட்டிக்கொள்ளப் பிரித்தோம்.
விடுமுறையில் இருக்கிறேன்,
ஞாயிறன்று பதிலளிக்கிறேன் என்று
ஆளில்லாத நாற்காலி அனுப்பியிருந்தது.

அது வியாழன் ராத்திரி.
அறையில் வேலை செய்யும் பிளக் ஒன்று,
சார்ஜ் தீர்ந்த போன் பன்னிரண்டு.
மைதீன் பிச்சையுடையதை முதலில் சொருகினோம்.