மெற்றோ ஓடாத ஒன்பது நாள்

வேலைநிறுத்தத்தின் முதல் நாள்
கார் து நோர் வாசலில் கம்பிக் கதவு.
ஐந்தாம் இலக்கம் இல்லை, நாளைக்கும் இல்லை
என்று ஒட்டியிருந்த தாளை
ஒருதரம் படித்தவர்களும் நின்று
இன்னொருதரம் படித்தோம்.

பதினொரு மணிக்குள் இருபது கிலோ வெங்காயம்
உரித்திருக்க வேண்டும் நான்.
மேல்மாடிப் பக்காரிதான் சைக்கிள் தந்தான்.
பின்னால் ஒரு பிள்ளை இருக்கை.
கழற்றப் பார்த்தோம், திருகாணி துருவேறி
அசையமாட்டேன் என்றது.
"இருக்கட்டும், இடிக்காமல் விடுவாங்கள்"
என்றான் பக்காரி. "வாய்க்கால் கரையால் போ."

பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த பாரிஸ்
ஓட்டைகளின் ஊர்.
ஓர் ஓட்டைக்குள் இறங்கி
இன்னோர் ஓட்டையால் ஏறுவேன்.
நடுவில் இருட்டு,
இருட்டின் கண்ணாடியில் என் முகம்.
ரிபப்ளிக், ஒபெர்காம், பஸ்தில்:
கதவு திறந்து மூடும் சத்தங்கள்,
அவ்வளவுதான்.
இப்போது பார்த்தால்
ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில்
ஒரு பொட்டலம் கடலை தீராது.
இதற்கா மாதாமாதம் காசு கட்டிப்
பூமிக்கடியில் போனேன்!

சான் மார்த்தன் வாய்க்கால்
இரும்புப் பாலங்களுக்குக் கீழே
பச்சையாய், அவசரமில்லாமல் வருகிறது.
ரிபப்ளிக் பக்கம் வந்ததும் ஆளைக் காணோம்.
வீதி, மரம், மீன் விற்கிற கூடாரம்.
பஸ்தில் தாண்டினால் மறுபடி வெளியே,
முதுகில் படகுகளோடு,
எங்கே போனாய் என்று கேட்க முடியாத முகத்தோடு.
வேலைநிறுத்தத்தில் சேராமல் ஓடும் ஒரே மெற்றோ
அந்தத் தண்ணீர்தான்.

ஒரு சிவப்பு விளக்கில்
பக்கத்துச் சைக்கிளின் பின்னிருக்கையிலிருந்து
மஞ்சள் தலைக்கவசம், ஒழுகும் மூக்கு,
நாலு வயது இருக்கும்,
என் இருக்கையை எட்டிப் பார்த்தாள்.
அதில் வார் பூட்டி வைத்திருந்தேன்
சமையல் மேலங்கி, சப்பாத்து, கத்திப் பொதி.
"உங்கட பிள்ளை எங்கே?"
"இதுதான். நித்திரை."
நம்பினாள் என்றே நினைக்கிறேன்.
"பெயர்?"
பச்சை விழுந்தது.
அன்று வெங்காயம் உரித்து முடியும்வரை
பொருத்தமான பெயர் ஒன்றும் வரவில்லை.

ஆற்றை எனக்கு முன்பே தெரியும்.
ஐந்தாம் இலக்கம் வெளிச்சத்துக்கு வரும் அரை நிமிடம்
ஒவ்வொரு நாளும் பார்ப்பேன்.
ஆனால் அதற்கு மணம் உண்டென்று தெரியாது.
ஓஸ்தெர்லிட்ஸ் பாலத்தில்
காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளும் என்றும் தெரியாது.
பாலம் தாண்டினால் ஆஸ்பத்திரி வீதி.
தட்டை என்று நினைத்திருந்த ஊர்
அங்கே தலையைத் தூக்குகிறது.
பிளாஸ் தித்தாலி மேட்டில் இருக்கிறது!
முழங்கால்தான் முதலில் கண்டுபிடித்தது,
பிறகு மூச்சு,
கடைசியாக நான்.
பன்னிரண்டு வருடம், காலையும் காலையும்,
யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.
மூச்சுகூட விடவில்லை.

பின்னால் உறுமிய பேருந்து
பிள்ளை இருக்கையைக் கண்டு அடங்கி வந்தது.

"வெளியே மழையா?" என்றாள் முதலாளி சொலாஞ்ச்,
என் சட்டையைப் பார்த்து.
"இல்லை," என்றேன், "மேடு."

இரவு பன்னிரண்டரை.
காலையில் வாங்கியதையெல்லாம்
வட்டியோடு திருப்பித் தந்தது அதே வீதி.
ஆறுவரை ஒரு மிதி இல்லை.
பிரேக் மட்டும் கிறீச்சென்று
மூடிய ஜன்னல்களுக்கு ஏதோ முறையிட்டது.
வாய்விட்டு ஏதோ பாடினேன்,
சொல்ல வெட்கம், பாதி விளம்பரப் பாட்டு.

ஒன்பதாம் நாளோடு பேச்சுவார்த்தை முடிந்தது.
சைக்கிளைத் துடைத்துக் கொடுத்தேன்.
பக்காரி சக்கரத்தை அமத்திப் பார்த்து
காற்றுக் குறைவு என்றான்.

இன்று ஐந்தாம் இலக்கம் வந்தது.
உட்கார இடமும் கிடைத்தது.
ஆறு வந்தது, போனது.
சான் மார்செலில் கதவு மூடியதும்
என் வலது கால் தானாக அழுத்துகிறது,
பிறகு இடது.
எதிரே இருந்த பெரியவர்
தன் சப்பாத்தை மெல்ல
உள்ளே இழுத்துக்கொள்கிறார்.