மூன்று நொடிக்குச் சற்று மேல்

"கண்ணை மாற்றிவிட்டேன். காற்றைத் திட்டிப் பார்த்தாயிற்று.
மிச்சம் இதுதான்" என்று
றைபிளை என் மேசையில் கிடத்தினாள்
றோஸ்மரி எஷ்லிமான்.
லங்னாவில் வியாழன் காலை. யன்னலுக்கு வெளியே
பனி கரைந்த இல்ஃபிஸ் ஆறு
பால்தேத்தண்ணி நிறத்தில்.

தொண்ணூற்றாறு எடுத்துக்கொண்டிருந்தவள்
எண்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறாள்.
முந்நூறு மீற்றருக்கு அப்பால்
பத்தின் வட்டம் ஒரு சாண்கூட இல்லை.
கண்புரை சத்திரசிகிச்சை, புதுக் கண்ணாடி,
வேறு பெட்டித் தோட்டா, தோளுக்குப் புதுப் பட்டி.
தொலைந்த எட்டுப் புள்ளிகளுக்காகத்
தன்னுடம்பையே சோதனை போட்டவள்
குழலை மட்டும் சந்தேகிக்கவில்லை.
அது பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது.

கமராவை உள்ளே விட்டேன்.
தோட்டா அமரும் அறை முடிந்து
வரிகள் தொடங்கும் இடத்தைத் தொண்டை என்பேன்.
திரையில் அது
மார்கழியில் வெடித்த குதிக்கால்.

அங்கேதான் தீ முதலில் தொடுகிறது.
உருக்கு உருகும் சூட்டைத் தாண்டிய தீ.
உருகத்தான் நேரம் கொடுப்பதில்லை.
தோல் மட்டும் பொசுங்கும், ஆறும், திரும்பப் பொசுங்கும்.
நூலளவு நூலளவாய்த் தொண்டை முன்னே நகரும்,
சன்னம் வரியைப் பிடிக்க
ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தாவவேண்டும்.
(சன்னம் என்ற சொல்லை நான் வேறோர் ஊரில் கற்றேன்.
அதைப் பட்டறையில் கதைப்பதில்லை.)

"அடுக்கடுக்காய்ச் சுடுவீர்களா?"
"போட்டியில் மட்டும்."
சீனி வருத்தக்காரர் வைத்தியரிடம்
"கல்யாண வீட்டில் மட்டும்" என்பதுபோல.
குழலில் கைவைத்து மூன்று எண்ண முடியாவிட்டால்
அடுத்ததைச் சுடக்கூடாது என்று
எல்லோருக்கும் தெரியும். மணிக்கூடு ஓடும்போது
யார் கைவைக்கிறார்கள்?
அதோடு இது ஆறு மில்லிமீற்றர்.
ஒடுங்கிய குழல், நிறைய மருந்து:
குசினிக் கதவால் ஒரு கல்யாணக் கூட்டமே
முண்டியடித்து வெளியேறுவது.

மற்றப் பையில் வெர்னரின் பழைய இராணுவ றைபிள்.
தடித்த குழல், சாந்தமான மருந்து,
ஒன்பதாயிரம் சுட்டும் தொண்டை சுகமாயிருந்தது.
ஆனால் வாய்?
வாய்விளிம்பு ஒரு பக்கமாய் நீள்வட்டம்.
கம்பியை முன்னாலிருந்து விட்டு
சனிக்கிழமை தவறாமல் துடைத்திருக்கிறார்,
சுடாத சனிக்கிழமைகளிலும்.
நெருப்புக்குத் தப்பியது
துணிக்குத் தப்பவில்லை.

"அவர் அப்படித்தான்" என்றாள்.
கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள்.

அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. பென்சில் கோடுகள்.
பதினொரு வருடத்தில்
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
ஒரு சன்னம் குழலுக்குள் இருப்பது
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்குமேல் ஒரு துளி.
நான் பெருக்கினேன்:
மூன்று நொடிக்குச் சற்று மேல்.
இந்தக் குழல் வேலை செய்த மொத்த நேரம் அவ்வளவுதான்.
மீதிப் பதினொரு வருடமும்
அலுமாரியில், காரின் பின்னிருக்கையில்,
மழை விடட்டும் என்ற காத்திருப்பில்.

சொன்னதும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"எழுதித் தா" என்றாள்.

பின்புறம் மூன்று விரற்கடை வெட்டி
அறையைப் புதிதாய்க் குடைந்தால்
இன்னும் சில நூறு வரலாம் என்றேன்.
தலையாட்டி மறுத்தாள்.
ஏழரை போட்டால்
பத்தாயிரம் தாங்கும் என்றேன்.
"பத்தாயிரம் யாருக்கு? எனக்கு எழுபத்திரண்டு.
அதே ஆறு போடு.
இன்னுமொரு மூன்று நொடி காணும்."

ஆறு கிழமை ஆகும் என்று பற்றுச்சீட்டில் எழுதினேன்.
வாசலில் திரும்பி
வெர்னரின் றைபிளுக்கு
விளிம்பை வெட்டிச் சமன்செய்ய என்ன முடியும் என்று கேட்டாள்.
விலையைச் சொன்னேன்.
"வேண்டாம்" என்றாள்.
"அது அப்படியே கிடக்கட்டும்."