திருப்பி அனுப்பக் காரணம்

காந்தி ரோட்டில், லாட்ஜுகள் தோளோடு தோள் இடிக்கும் சந்தில்
எட்டுக்குப் பத்து கடை எனக்கு.
முன்பக்கம் திறக்கிற சட்டை,
அதற்குள் டியூப் பை தொங்காமலிருக்க ஒரு ஜேபி,
முடி கொட்டியவர்களுக்குத்
தையல் உறுத்தாத பருத்தித் தொப்பி.
வாங்கிக்கொண்டு காட்பாடியில் ரயிலேறுவார்கள்.
மாதம் கழித்து அசன்சோலிலிருந்து போன் வரும்:
தீதி, இன்னும் ரெண்டு.

அதற்காகத்தான் வெப்சைட்.

கிரேஸ்லின் கல்லூரி முடிந்து வருவாள்.
பாதி ஷட்டரை இறக்கி
இஸ்திரி மேஜைமேல் லேப்டாப்.
மே மாதம். மேஜை இன்னும் சுடும்.
லாட்ஜில் சாவி கொடுக்கும் ஷிபு
வங்காளியில் எழுதித் தந்தான்,
இரண்டு டீக்கு.

தொப்பியை யார் தலையில் வைத்துப் படமெடுப்பது?
நான் மாட்டேன் என்றேன். அவளும்.
ஒரு முலாம்பழம் வாங்கிவந்தோம்.
அகர்தலாவில் ஒருவர் கேட்டிருந்தார்,
பழமும் சேர்த்தா இந்த விலை?
அன்று இரவு
சிரித்துச் சிரித்துப் பழத்தை அறுத்தோம்.

அளவுதான் பாடாய்ப் படுத்தியது.
'முன்பு மீடியம், இப்போது தெரியவில்லை'
என்று எழுதுபவருக்கு
எந்தப் பொத்தானை நீட்டுவது?
நாடா வைத்துத் தைத்தேன்.
'உடம்போடு கூடவே இறுக்கிக்கொள்ளலாம்'
என்று அவள் தட்டினாள்;
'இறுக்கி'க்குப் பக்கத்தில்
'தளர்த்தி'யும் போடு என்றேன்.

முதல் ரிட்டர்ன் சில்சரிலிருந்து.
இரண்டு தொப்பி,
நான் மடித்த மடிப்புக் கலையாமல்,
விலைச்சீட்டோடு.
காரணம் கேட்கும் பட்டியலில்
அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை, சேதம்
எல்லாம் தாண்டி
'மற்றவை'யில் வந்து நின்றிருந்தார்கள்.
'மற்றவை' என்றால் விளக்க வேண்டும்.
சிவப்பு நட்சத்திரம், கட்டாயம்,
எழுதாமல் மேலே போக விடாது.
அந்தப் பெட்டிக்குள்
ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

கிரேஸ்லின் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.
பிறகு மெதுவாக,
அக்கா, காலையில் ஒரு மெயில் தானாகப் போயிருக்கு:
'உங்கள் தொப்பி எப்படி இருக்கிறது?
நட்சத்திரம் கொடுங்கள்,
அடுத்ததற்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.'
அது நான்தான் கேட்டு வைக்கச் சொன்னது.
பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் வைத்திருந்தார்,
வியாபாரம் ஏறியதாம்.

நிறுத்தினோம்.
நட்சத்திரத்தை எடுத்தோம், பட்டியலை எடுத்தோம்.
'அனுப்பிவிடுங்கள், பணம் வந்துவிடும்'
அவ்வளவுதான் இப்போது அந்தப் பக்கத்தில்.
ஷிபுவைக் கூப்பிட்டு வாசித்தோம்.
வங்காளியில் இன்னும் சின்னதாக இருந்தது.

ஷட்டரை இறக்கும் நேரம் கேட்டாள்:
ஸ்டாக்கில் பதினாலு காட்டுது,
இந்த ரெண்டையும் சேர்க்கட்டுமா?

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்,
உதறினேன்,
வேறு மடிப்பில் மடித்தேன்.

சேர் என்றேன்.
பதினாறு.