பாதி மூடிய பட்டைகள்

மூன்று அசல் மைக்குப்பிக்கு
ஓர் ஆட்டின் விலை.
ஃபாரோ தீவில், எங்கள் வீட்டில்,
எதையும் ஆட்டில்தான் அளப்போம்.
ஒன்பது குப்பி கொள்ளும் போட்டோ பிரிண்டர்
ஆண்டுக்கு ஒரு மந்தையைத் தின்றது.
கணக்கு எழுதுகிறவன் நான்.
படம் எடுப்பவள் ரான்வா.
அவள் எடுப்பதெல்லாம் மூடுபனி.

வேறு கம்பெனி மை தேடினோம்.
போலந்திலிருந்து ஒன்று.
பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டி ஒன்று.
இன்னொன்றை ரோட்டர்டாமில் எவனோ
கார் ஷெட்டில் கலக்குகிறான் என்று கேள்வி.
மூன்றும் ஒரே கப்பலில் வந்தன.
ஊசியில் உறிஞ்சி, காலிக் குப்பியில் இறக்கி,
பத்து விரலும் கறுத்து,
அன்று பிசைந்த ரொட்டி மாவில்கூட
அவள் கட்டைவிரல் ரேகை.

"அசலை விட்டால் ஒருநாள் சாயம் வெளுத்துவிடும்"
என்றான் எதிர்வீட்டு பேட்டுர்.
"இது சாயமில்லை, நிறமி.
சாயம் காகிதத்துக்குள் ஊறும்.
இது துகள். மேலே உட்காரும்."
"உட்கார்ந்தது எழுந்து போகாதா?"
அதற்கு அவளிடம் பதில் இல்லை.

போலந்து மையில் மூடுபனி
சமையலறைக் குழல்விளக்கில் பாசி,
ஜன்னலோரம் ஊதா.
நாலடி நடப்பதற்குள்
பனி கட்சி மாறிவிட்டது.
எண் ஒட்டியது சொக்கத் தங்கம்,
ஆனால் வாரம் ஒருமுறை தொண்டை கட்டிக்கொள்ளும்;
வானம் கோடு கோடாக இறங்கும்.
துளைகளைக் கழுவிக் கழுவியே
மிச்சம் பிடித்த காசெல்லாம் கரைந்தது.
ரோட்டர்டாமில் குற்றமே தெரியவில்லை.
எனக்கு அதுதான் பயம்.

ஆகவே வெயில் சோதனை.
நாலு மைக்கும் நாலு பட்டை,
பாதியை அலுமினியத் தாளால் மூடி
தெற்கு ஜன்னலில் ஒட்டினோம்.
நவம்பரில்!
எதிர்மலைக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது சூரியன்.
மார்ச்சில் உரித்தால்
மூடிய பாதியும் மூடாத பாதியும்
இரட்டைப் பிள்ளைகள்.
இந்த இருட்டில் எந்த மையும்
சாகாவரம் வாங்கிவிடும்.

ஸ்பெயினில், அல்மேரியாவில், தக்காளிப் பண்ணையில்
என் தங்கை டூரிதா வேலை செய்கிறாள்.
புதுப் பட்டைகளை உறையிலிட்டு அனுப்பினோம்.
மொட்டைமாடிக் கொடியில், காலுறைகளுக்கு நடுவே
கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.
செப்டம்பரில் திரும்பி வந்தன,
ஒரு பல்லி எச்சத்தோடு.
ரோட்டர்டாமின் மஞ்சள் இறங்கிப் போயிருந்தது.
புல் நீலமாகி
ஆடுகள் கடலில் மேய்ந்தன.
அசலிலும் லேசான வெளிறல்.
அதை மட்டும் ரான்வா எனக்கு
இரண்டு முறை காட்டினாள்.

அந்த வாரம்தான் சோஃபஸ் வந்தார்.
தன் படகின் படம் வேண்டும், பெரிதாக.
எத்தனை வருஷம் நிற்கும் என்று
அவர் கேட்கும் முன்பே ஆரம்பித்தாள்:
மாடி, பல்லி, மஞ்சள், எல்லாம்.
பொறுமையாகக் கேட்டார்.
(பொறுமையிலும் ஒரு மை உண்டு. இலவசம்.)
"பெயிண்ட் கடைக்காரனிடம் காட்டத்தான்மா.
படகு நீலம் அவனுக்குப் பிடிபடவில்லை.
வியாழன்வரை நின்றால் போதும்."

நாலு மையிலும் நாலு நீலம் எடுத்துக்கொண்டு
தூறலில் துறைமுகத்துக்குப் போனோம்.
ஒன்றும் கரையவில்லை, அது ஒரு நிம்மதி.
படகின் விலாவில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.
எதுவும் சேரவில்லை.
சோஃபஸ் குனிந்து,
பக்கவாட்டில் கட்டியிருந்த பழைய டயரை
ஒரு கையால் தூக்கிப் பிடித்தார்.
கீழே வட்டமாக, ஈரமாக,
வெயில் பார்க்காத நீலம்.

ரான்வா சிரித்த சிரிப்பில்
பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான்.
"டயர் கட்டிய பட்டை" என்றாள் என்னிடம்.

அந்த வட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்தது
ரோட்டர்டாம் நீலம்.

வீடு திரும்பும்போது சொன்னேன்:
மற்ற எட்டும் அவனிடமே வாங்கலாம்,
மஞ்சள் மட்டும் அசல்.
நிறக்கணக்கை முதலிலிருந்து போடவேண்டுமே என்று
வழியெல்லாம் முணுமுணுத்தாள்.
மூன்றில் ஒரு பங்கு ஆடு என்று
நோட்டில் குறித்துக்கொண்டேன்.