வரி

பகலில் பென்சிகர் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் வரி வாங்கினார்.
ராத்திரி வரி எழுதினார்.
இரண்டுக்கும் ஒரே பேனா,
மை கசியும் அரசாங்கப் பேனா.

மார்த்தாண்டத்தில் சந்தைக்கு இறங்குகிற வழியில்
என் டி.டி.பி. கடை. அவருடைய ஏழு நாவல்களும்
என் பத்து விரல் வழியாகத்தான் வெளியே போயின.
கூலி ரொக்கம். ரசீது நீட்டினால்
'அத நீயே வச்சுக்க பிள்ளே,
எனக்கும் உனக்கும் நடுவுல மூணாவது ஆளு எதுக்கு?'
சொல்வது வரி ஆபீஸ்காரர்.

கதைகளில் ராஜாங்கம் கிடையாது.
முதல் நாவலில் குளச்சல் கடலில் பன்னிரண்டு மைல் தாண்டி
பழைய வள்ளங்களைப் பிணைத்து ஒரு தேசம்.
கொடி இல்லை, தாசில்தார் இல்லை,
கல்யாணத்திலிருந்து கொலைவழக்கு வரை ஒப்பந்தம்தான்.
இரண்டாவதில் மணவாளக்குறிச்சிக் கருமணலை
ஆளுக்கொரு கடவம் பங்கிட்டு
அந்த வெக்கையில் ஊரே வியாழனுக்கு அப்பால் குடிபோகிறது.
மூன்றாவது மறந்துவிட்டது. நிறையக் கணக்கு வரும் அதில்.

எண்பது பிரதி விற்றால் அதிகம்.
மீதி கட்டிலுக்கடியில்.
தனிச்சொத்தை மதிக்காத என் ஒரே வாசகர் கறையான்
என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

'அப்போ ரோட்ட யாரு போடுவா?' ஒருநாள் கேட்டேன்.
'இப்போ யாரு போட்டா?'
ஆனி மழை. கடை முன்னால் குழி,
அதில் அச்சு வரை இறங்கி ஒரு ஆட்டோ.
எனக்குப் பதில் வரவில்லை.
ஆனால் தபால்காரர் என் விதவைப் பென்ஷனை
எண்ணிக் கொடுக்கிற நேரத்துக்கு அவர் வந்துவிட்டால்
எதிர்க்கடைக்குச் சாயா குடிக்கப் போய்விடுவார்.
நான் கையெழுத்துப் போட்ட பிறகே திரும்புவார்.

ஐந்தாவது, நிலா.
காற்றுக்கு மீட்டர் அங்கே.
நாலு கம்பெனி போட்டி போடுவதால் மலிவு,
மலிவானதால் யாருக்கும் முட்டாது என்று
நாற்பது பக்கம் விளக்கியிருந்தார்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஜெபகனி என்றொரு சிறுமி.
அப்பன் சுரங்கத்தோடு போய்விட்டான்.
கணக்கில் மிச்சம் பதினோரு நிமிடம்.
அத்தியாயம் அங்கே முடிகிறது.
அடுத்ததில் ஆண்கள் உட்கார்ந்து விலைவாசி பேசுகிறார்கள்.

கரண்ட் இல்லை. யு.பி.எஸ். கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
மேஜைக்கடியில் என் மகள் உறங்கினாள்,
இழுப்புக்காரப் பிள்ளை,
உறக்கத்திலும் அவள் நெஞ்சில் ஒரு விசில்.
கையெழுத்தில் இல்லாத ஒரு வரியை அடித்துவிட்டேன்:
'அடுத்த அறைக்காரி தன் குழாயைக் கழற்றி
பிள்ளையின் மூக்கில் வைத்தாள், விலை பேசவில்லை.'

புரூஃப் இரண்டு தடவை பார்ப்பார்.
ஒற்று மிகுந்தால் சிவப்பு, மிகாவிட்டாலும் சிவப்பு.
அந்தப் பக்கத்தில் 'மூக்கில்' என்பதை
'முகத்தில்' என்று திருத்தியிருந்தார்.
அதைப் பற்றி அவரும் பேசவில்லை,
நானும்.

சாவடியை எடுத்த வருஷம்
தடுப்புக்கம்பை ஏலத்தில் பிடித்தார்,
எண்ணூற்று நாற்பது ரூபாய், வரி உட்பட.
வீட்டுப் பின்னால் நட்டு நல்லமிளகு ஏற்றினார்.
லாரிகள் நிற்காமல் போகிற சத்தம் கேட்க
ஒரு வாரம் ராத்திரியில் எல்லைக்குப் போய் நின்றாராம்.
சந்தோஷமா என்றேன்.
'இனி எங்க தூக்கிப் போடுவானுவளோ.'

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள்.
மூக்கில் மாஸ்க்கோடு நர்சிடம் கேட்டிருக்கிறார்,
லிட்டர் என்ன விலை.
தெரியாது என்றிருக்கிறாள்.
டாக்டருக்கும் தெரியவில்லை.
எட்டாவது நாவல் என்று வீட்டிலிருந்து வந்த நோட்டில்
கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி,
பக்கத்தில் எண் எழுத ஒரு கோடு.
அடிக்கும்போது கோட்டைக் கோடாகவே விட்டேன்.

மகன் அஜின் போன வாரம் நல்லமிளகு கொண்டுவந்தான்,
அந்தக் கம்பில் காய்த்தது.
சும்மா தருவானோ என்று பார்த்தேன்.
கிலோ அறுநூற்றி இருபது என்றான்.
கால் கிலோ வாங்கினேன்.
காரம் பரவாயில்லை.