ஆறு

மாரைக்கே என்று பெயர் சொன்னாள்.
மறுநாளே ஊர் அதை மாரியக்கா ஆக்கிவிட்டது.
தலைஞாயிறு பேருந்திலிருந்து
முதுகு நிறையச் சுமையோடு இறங்கியவளுக்கு
எட்டு மாத விசா,
அலையாத்திக் கன்று நட வந்த குழுவில்
சம்பளமில்லாத வேலை.
"சம்பளமில்லாமலா?" என்று காத்தையன் மூன்று தடவை கேட்டார்.
மூன்று தடவையும் மொழிபெயர்த்தேன்.
வேதியியல் படித்துவிட்டு வீட்டிலிருந்த எனக்கு
நாளுக்கு முந்நூறு.

அவள் ஊரும் கடல்மட்டத்துக்குக் கீழேதானாம்.
கரை கட்டித் தண்ணீரை வெளியே நிறுத்தியிருக்கிறார்களாம்.
"நாங்க உள்ள வரச்சொல்லில்ல கெஞ்சிக்கிட்டு கெடக்கோம்"
என்றாள் அஞ்சம்மா, காய்ந்த மதகைக் காட்டி.

முழங்கால் சேற்றில் பிள்ளைகளோடு
கன்று எண்ணி எண்ணியே
பத்து வரைக்கும் பழகிக்கொண்டாள்.
தமிழில் அவளுக்கு வேறு சொத்தில்லை.
"போதும்" என்பதையும் சேர்க்கலாம்.
எந்த வீட்டு இலையிலும்
அதை யாரும் மதித்ததில்லை.

ஆவணியில் ஒரு விடியலில்
தெருவே கத்திக்கொண்டு ஓடியது:
ஆறு வந்துட்டு, ஆறு வந்துட்டு!
வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து கேட்டாள்,
ஆறா? எது ஆறு?
நுரையும் தக்கையும் தள்ளிக்கொண்டு
கணுக்கால் உயரத்துக்கு
மதகுக்குள் நுழைந்துகொண்டிருந்தது காவிரி.
அவள் எதையோ எண்ணிப் பார்த்தாள் போலிருக்கிறது.
நான் சிரித்து முடிப்பதற்குள்
வேலைக்கு நேரமாகிவிட்டது.

தை அறுப்பு முடிந்தது.
பேனா போலொரு மீட்டரை
கைபம்பு கைபம்பாக நனைத்துக்கொண்டு போனாள்.
மூன்றைத் தாண்டினால் நெல் நுனி கருகும்.
கீழத்தெரு முழுக்க ஆறு.
இறால் குட்டையை ஒட்டிய கொல்லைகளிலும்
எங்கள் கொல்லையிலும்
ஆறு.

குட்டை என் தாய்மாமன் வைரக்கண்ணுவுடையது.
என் மூன்று வருடக் கல்லூரிக் கட்டணம்
அதில்தான் மீசை முளைத்து வளர்ந்தது.
அவரிடம் கடன்படாத வீடென்று
அஞ்சம்மா வீட்டைச் சொல்வார்கள்,
போன புயல் வரைக்கும்.

புயல் பாதுகாப்பு மையத்தில் கூட்டம்.
முன்வரிசையில் மாமா,
மடியில் துண்டை நாலாய் மடித்து.
அவள் ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்தினாள்.
நான் மைக்கில் தமிழில் சொன்னேன்:
"ரெண்டு. பயமில்லை."

என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
ரெண்டு அவளுக்குத் தெரியும்,
குனிந்து குனிந்து கற்ற ரெண்டு.
எழுந்தாள். ஊரைப் பார்த்து, சுத்தமாக,
"ஆறு."
கொஞ்சம் பொறுத்து, இன்னும் உரக்க,
"ஆறு!"

ஒரு நொடி சத்தமில்லை.
பின்னாலிருந்து காத்தையன்:
"வருதாமா? மாசியிலயா? மேட்டூர தொறந்துட்டானா?"
யாரோ கைதட்டினார்கள்.
மாரியக்கா யாரிடமோ பேசி
தண்ணீர் வாங்கிவிட்டாளென்று
கூட்டம் கலைவதற்குள் கதை தயார்.
அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கைதட்டலின் நடுவில், ஒன்றும் புரியாமல்.
திருத்த ஒரு வாக்கியம் போதும்.
மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.
நான் மைக்கை அணைத்தேன்.

ராத்திரி எதுவும் கேட்கவில்லை.
சோற்றுக்கு இறால் தொக்கு.
"போதும்" என்றாள்.
முதல் தடவையாக
அம்மா மறுகரண்டி வைக்கவில்லை.

பங்குனியில் போனாள்.
என் தலைமாட்டில் மீட்டர், நாலு பேட்டரி,
தேதியும் அளவும் எழுத
கோடு போட்ட ஒரு நோட்டு.
தண்ணீர் இன்னும் வரவில்லையே என்று
காத்தையன் என்னைத்தான் கேட்கிறார்.

அமாவாசைக்கு அமாவாசை
கொல்லைப் பம்பை நாலு அடி அடித்து
டம்ளரில் பிடித்து நனைக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
ஊருக்குத் தெரியாமலா இருக்கும்.

நேற்று ஏழு.
விடிய விடிய யோசித்தேன்.
அந்தச் சொல்லுக்கு
வேறு அர்த்தம் கிடையாது.