சொந்த வால்கோட்டு

பர்பேங்கில் ஜன்னலில்லாத அறையொன்றில்
பழைய படச்சுருள்களைத் துடைப்பது என் வேலை.
ஃப்ரேம் ஃப்ரேமாக,
நொடிக்கு இருபத்து நான்கு.
அப்படிப் பழக்கமானவன்தான் டெஸ்மண்ட் வார்லி.
விருந்துக் காட்சியில் இடமிருந்து ஆறாவது ஆள்,
நாயகன் முத்தமிடும்போது
பின்னால் கோப்பையை உயர்த்துகிறவன்.

பெயர் அவனுடையதல்ல.
ஸ்க்ரான்டன் நிலக்கரி ஊரில்
சலவைக்கடைக்காரர் மகன் ஆர்வில் ஸ்க்ரக்ஸ்.
"போஸ்டரில் போட்டால்
யாரோ தும்மினதாக நினைப்பார்கள்"
என்றாராம் படமுதலாளி.
பெயரை மாற்றிக்கொண்டான்.
கஞ்சியை மட்டும் மாற்றவில்லை.
காலர், கைப்பட்டை, சட்டையின் மார்பு
தட்டினால் கதவு மாதிரிக் கேட்கவேண்டும்.
அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டான்,
தானே காய்ச்சுவான்.

பேசாப்படக் காலத்தில்
பதினோரு படங்களுக்கு நாயகன்.
பேசவேண்டியதையெல்லாம் எழுத்தட்டை பேசியது.
அவன் செய்தது
கையுறையை விரல் விரலாகக் கழற்றியது.
சுண்டுவிரலுக்கு வருமுன்
ஒமாஹாவில் ஒருத்தி மயங்கி விழுந்ததாகச்
செய்தித்தாளில் வந்தது.
எழுதிக் கொடுத்தது ஸ்டூடியோ.
அந்த வாரம் ஒமாஹாவில் படமே ஓடவில்லை.

பிறகு மைக் வந்தது.
குரலில் பழுதில்லை, வெண்கலம்.
ஆனால் மூச்சை இழுத்தால்
கஞ்சிச் சட்டை அப்பளமாக நொறுங்கியது.
"உன்மேல் உயிரையே" நொறுக்
"வைத்திருக்கிறேன், எலினோர்" நொறுக்.
கஞ்சி வேண்டாமென்றார் ஒலிப்பதிவாளர்.
கஞ்சியில்லாத சட்டைக்குள்
எப்படி நிற்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.
தோள் இறங்கிற்று. பார்வையும்.
மூன்றாம் வாரம் வேறொருவன் வந்தான்.

கார் போயிற்று. வீடு போயிற்று.
எலினோராக நடித்தவள்
எண்ணெய்க்கிணற்று முதலாளி ஒருவனோடு போனாள்.
அவள் இவனுடையவளாக இருந்ததே இல்லை,
அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது.
வால்கோட்டு போகவில்லை.

கூட்டத்தில் நிற்க வருகிறவனுக்கு
நாளொன்றுக்கு ஏழரை டாலர்
(ஏழரையேதான், சிரிக்காதீர்கள்).
சொந்த வால்கோட்டோடு வந்தால் பதினைந்து.
ஆள் பாதி ஆடை பாதி என்பதைக்
காசு பிசகாமல் கணக்கிட்ட ஊர்
வேறெங்கும் இருக்குமா தெரியாது.

பங்கர் ஹில் வாடகை அறையிலிருந்து
விடியுமுன் டிராம்.
இருக்கை காலியாகக் கிடந்தாலும் உட்காரமாட்டான்.
முழங்காலில் மடிப்பு விழுமே.
சாப்பாட்டு வேளையிலும் சாய்வுப்பலகையில் சாய்ந்து
மார்பில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு
ஓர் அவித்த முட்டை.
கோப்பையில் ஷாம்பேன் அல்ல, ஆறிப்போன தேநீர்.
மேசையிலுள்ள மற்றவர்கள்
தாகத்துக்குக் குடிக்கிறார்கள், பார்த்தாலே தெரிகிறது.
இவன் மட்டும்
அதில் குமிழி ஏறுவதற்காகக் காத்திருக்கிறான்.

நேற்று மென்பொருள் ஓரிடத்தில் நின்றது.
அவன் வலது முழங்காலுக்கு மேல்
கடுகளவு கறை.
தூசியென்றால் ஒரே ஃப்ரேமில் மறைந்திருக்கும்.
இது நூற்று நாற்பது ஃப்ரேம்களில்
அவனோடு கூடவே வால்ட்ஸ் ஆடுகிறது.

பெரிதாக்கினேன்.
பூச்சி அரித்த ஓட்டை.
ஓட்டைக்குள் தெரியும் தோலில்
மை.

டிராமுக்கு முன்
மங்கலான பல்பின் கீழே
பேனா நிப்பால் தன்னையே
துணியோடு சேர்த்துத் தைத்திருக்கிறான்.
ஆட்டத்தில் வேர்த்திருக்கவேண்டும்,
ஓரத்தில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

'அழுக்கு. நீக்கலாமா?' என்றது திரை.

வேண்டாம் என்று அழுத்தினேன்.
அடுத்த ஃப்ரேமில் திரும்பக் கேட்டது.
இன்னும் நூற்று முப்பத்தெட்டு தடவை கேட்கும்.

மணி ஒன்றாகியிருந்தது.
காலை மிச்ச உப்புமாவைத் திறந்து
நாற்காலி பக்கத்திலேயே இருக்க
நின்றபடி சாப்பிட்டேன்.